மாயம்மாளின் காளையைக் காகிதத்தில் பிடித்தவர்

திண்டுக்கல் மேற்கு ரதவீதியில் சேதுபதி வாத்தியார் நடத்திய அச்சாபீஸின் கதவில் ஓர் அரிவாள் வெட்டு உண்டு. 1957 கார்த்திகையில் விழுந்தது. ஒரு விரற்கடை ஆழம் என்பார் வாத்தியார். எதையும் குறைத்துச் சொல்கிற மனிதர். அந்த வெட்டுக்குள் அணில் குட்டி போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டியவர் மாயம்மாள். நத்தம் பக்கத்து விவசாயி. ஆறு வருஷமாக வாடிவாசலில் எவன் கைக்கும் அகப்படாத காரிக்காளையின் சொந்தக்காரி. அன்று அவருடைய வலது கையில் அரிவாள், இடது கையில் எண்ணெய் ஊறிய காகிதம். அச்சாபீஸில் கழித்துப் போட்ட தாள் பலகாரக் கடைக்குப் போய், காராச்சேவு மடித்து, அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

தாளில் ஒரு படம். வாத்தியார் குளிர்காலத்தைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாட்டெழுதி, பாட்டுக்கொரு படமாகப் பன்னிரண்டு படத்தோடு புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார். மூடுபனியில் தலை காணாமல் போன மலைக்கோட்டை, மூக்கால் புகை விடும் எருமை, சொக்கப்பனை வெளிச்சத்தில் உள்ளங்கையைக் காய்ச்சும் பிள்ளைகள் என்று பதினொரு படங்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. பன்னிரண்டாவதுதான் வினை. குளிர் ஒரு முரட்டுக்காளை, தை பிறந்ததும் ஒரு வீரன் திமிலைக் கட்டிப்பிடித்து அதை அடக்குகிறான் என்பது கடைசிப் பாட்டு. அதற்கு வரைந்த காளைக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காதில் கிழிசல், ஒரு கொம்பின் நுனியில் பிளவு. சந்தேகமில்லாமல் மாயம்மாளின் காரி. அதன் திமிலில் சிரித்துக்கொண்டு தொங்கியவனுக்கோ, படம் போட்ட சோலைமுத்துவின் முகம், மீசை உட்பட.

"எவன்டா இதைப் போட்டவன்?"

வாத்தியார் காகிதக் கட்டுக்குப் பின்னால் போய்விட்டார். படத்தை மையால் வரைந்து தாளில் ஒற்றியெடுக்கும் அச்சுக்கல்லிலிருந்து சோலைமுத்து தலையைத் தூக்கினார். "நான்தான் ஆத்தா."

மாயம்மாள் மைத் தகரத்தை உதைத்துத் தள்ளி, அவர் வலது கையைப் பிடித்துக் கல்லின் மேல் அழுத்தி, மணிக்கட்டில் அரிவாளை வைத்தார். தோல் கீறி ரத்தம் மையோடு கலந்தது.

"ஏலே, ஆறு வருஷத்துல பதினாலு பேரு குடலை உருவுன மாடு. அதைப் பிடிமாடா ஆக்கிப்புட்டியே! நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அம்புட்டும் என் காரியைப் பார்த்துப் பிடிமாடு பிடிமாடுன்னு கைகொட்டிச் சிரிக்கும். இந்தக் கைதான?"

"இந்தக் கைதான். செத்த மெதுவா அமுக்கு, கல்லு வெடிச்சுரும்."

கட்டுக்குப் பின்னாலிருந்து வாத்தியார், "தாயி, பொறு! மூஞ்சியை மாத்தச் சொல்றேன். வேற எவன் மூஞ்சியாச்சும் வச்சுருவோம்" என்றார்.

"எவன் மூஞ்சிய வச்சாலும் அவன் கையை எடுப்பேன். உம்ம மூஞ்சிய வைக்கிறீரா வாத்தியாரே?"

வாத்தியார் தலை கட்டுக்குப் பின்னால் இன்னும் கீழே போயிற்று.

மாயம்மாள் அரிவாளை எடுத்தார். "ஒண்ணு, மாட்டு மேல இருக்கவனைச் சுரண்டி எடு. இல்ல, தையில வாடிக்கு வா. மூணு துள்ளல் திமிலை விடாம இருந்துரு, படம் உள்ளது உள்ளபடி இருக்கட்டும். நானே புத்தகத்தைத் தலையில சுமந்து ஊரூராக் கொடுக்கறேன். ரெண்டும் செய்யலேன்னா கையை வந்து வாங்கிக்கிடுவேன்."

புத்தியுள்ளவன் சுரண்டியிருப்பான். சோலைமுத்து, "வாரேன்" என்றார்.

அவர் பிறந்ததும் நத்தம் பக்கம்தான். அப்பாவுக்குத் தோளில் கொம்பு போய் வந்த ஓட்டை இருந்தது. மூன்று அண்ணன்மாரும் பேர் பெற்ற மாடுபிடிக்காரர்கள். பதினெட்டு வயதில் சோலைமுத்துவும் இறங்கினார். முதல் மாடு வெளியே வந்ததும் பக்கத்துப் புளியமரத்தில் ஏறியவர், மாடெல்லாம் வீட்டுக்குப் போனபிறகும் இறங்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'மரப்பல்லி' என்று பேர். ஆனால் அந்தக் கிளையிலிருந்து மாடுகளை அவர் பார்த்தது போல் அண்ணன்மார் ஒருநாளும் பார்த்ததில்லை. மறுநாள் கரித்துண்டால் வீட்டுச் சுவர் முழுக்க மாடு. அப்படித்தான் ஓவியரானார். திண்டுக்கல்லுக்கு வந்து புகையிலைப் பொட்டலத்துக்கும் சோடாக் கடைக்கும் படம் போட்டார். கண்ணால் காணாததை வரைவதில்லை என்று ஒரு வைராக்கியம் வேறு. முப்பத்தொன்பது வயதுவரை அவர் வரைந்த ஒரே பொய், காரியின் திமிலில் தொங்கிய அந்த மீசைக்காரன்தான்.

அவர் மனைவி ஒச்சம்மாள் விஷயம் கேட்டதும் உலக்கையைத் தூக்கினார். "மரத்திலேயே இருந்துருந்தா அந்த மரத்தடியிலேயே தாலிக்குக் கழுத்தை நீட்டியிருப்பேனேய்யா! இப்ப என்னத்துக்கு எறங்குற?"

"படம் பொய்யா இருக்கு, ஒச்சு."

"அழிச்சுத் தொலையேன்!"

"அழிச்சா நான் மறுபடியும் மரத்து மேலதான இருப்பேன்?"

ஒச்சம்மாள் உலக்கையை மூலையில் சாத்தினார். மணல் மூட்டையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, திமிலாக நினைத்துக் கட்டிப்பிடிக்கட்டும் என்று தினமும் காலையில் அதை ஆட்டிப் புருஷன் மேல் விட்டார். முதல் வாரத்தில் இரண்டு பல் போயிற்று. மூன்றாம் வாரத்தில் உத்தரமே விழுந்தது. சோலைமுத்து மூட்டையை விடவில்லை.

தை வந்தது. காரிக்கு முன்னால் வந்த மாடுகளே அன்று பசியோடு வந்திருந்தன. ஒருவனுக்குத் தொடையில் ஏறி இடுப்பில் வந்தது கொம்பு. ஒருவன் தாடை மிதிபட்டுப் பல்லெல்லாம் மண்ணில் கிடந்தது. ஒரு செவலைக்காளை யாருடைய காதையோ கொம்பில் மாட்டிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிவந்தது. காதுக்காரன் பின்னாலேயே ஓடினான்.

பிறகு காரி. வாடியிலிருந்து பாய்ந்ததுமே இருவரைச் சாய்த்தது. சோலைமுத்து பக்கவாட்டில் விழுந்து திமிலைக் கட்டினார். முதல் துள்ளலில் அவர் தோள்பட்டை கழன்ற சத்தம் வேலிவரை கேட்டது. பிடி விடவில்லை. இரண்டாவதில் முகம் திமிலில் மோதி மூக்கெலும்பு நொறுங்கியது. விடவில்லை. மூன்றாவதற்குக் காளை முன்னங்கால் தூக்குமுன்பே உடம்பை முறுக்கி, கழுத்தைத் திருப்பி, விலாவுக்குக் கீழே கொம்பை இறக்கி வீசிவிட்டது. அவர் போன உயரத்தில் நத்தம் மாந்தோப்புகளை எல்லாம் எண்ணிவிட்டு இறங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு மிகைப்படுத்தப் பிடிக்காது. ஒரு தோப்பு தெரிந்திருக்கும்.

விழுந்தவர் குடலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கிடந்தார். பெரியண்ணன் சுருளிவேல் வேலியைத் தாண்டி வந்து, "மூணு! மூணு துள்ளல்! என் தம்பி பிடிச்சுட்டான்!" என்று கத்தினார்.

"ரெண்டுடா, கண்ணவிஞ்ச பயலே!" என்றது மாயம்மாள் தரப்பு.

அவ்வளவுதான். வேலிக்கம்புகள் பிடுங்கப்பட்டன. மூன்று மண்டை உடைந்தது. ஒருவன் இன்னொருவனின் சுண்டுவிரலைக் கடித்துத் துப்பினான். மாயம்மாள் வண்டி முளைக்குச்சியால் சுருளிவேலின் காறை எலும்பை முறித்துவிட்டு, நேரே வந்து சோலைமுத்துவின் தலைமாட்டில் நின்றார்.

"நீ சொல்லுலே. எத்தனை?"

சுருளிவேல் மண்ணில் உருண்டபடியே அலறினார். "மூணுன்னு சொல்லுடா! இன்னைக்கோட பல்லிங்கிற பேரு போயிரும்டா!"

சோலைமுத்து ரத்தத்தைத் துப்பினார். "ரெண்டு. மூணாவதுக்கு நான் மேல ஆகாசத்துல இருந்தேன்."

ஓங்கிய கம்புகள் அப்படியே நின்றன. அண்ணன் காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாயம்மாள் தன் முந்தானையைக் கிழித்து சோலைமுத்துவின் வயிற்றைக் கட்டி, தன் வண்டியிலேயே போட்டுத் திண்டுக்கல்லுக்கு ஓட்டினார். வழியெல்லாம், "செத்துராதலே, அழிக்க வேண்டிய படம் கிடக்கு" என்று திட்டிக்கொண்டே வந்தாராம்.

நாற்பத்தோரு நாள் ஆஸ்பத்திரி. எழுந்தபின் ஆயுசுக்கும் இடப்பக்கம் சாய்ந்தே நடந்தார். அண்ணன் அவரோடு பேசவேயில்லை. அச்சாபீஸுக்கு வந்த முதல் நாளே பழைய படத்தைக் கல்லிலிருந்து தேய்த்து எடுத்தார். புதிய படத்தில் காளை கீழே, தூசி நடுவில். மேலே தலைகீழாக, வேட்டி விரிந்து, கண்ணைத் திறந்தபடி ஒரு மீசைக்காரன்.

வாத்தியார் தலையில் கை வைத்தார். "பிள்ளைக புத்தகம்யா! குடல் தெரியுதே!"

"கொஞ்சந்தான தெரியுது? வெளிய வந்தது எம்புட்டோ."

"பாட்டுல அடக்குறான்னு இருக்கு."

"பாட்டை மாத்துங்க. குளிரை எவன் அடக்குனான்? மாசியில அதுவாப் போகுது."

வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே கடைசி நாலு வரியை அடித்துவிட்டு எழுத உட்கார்ந்தார்.

அடுத்த நாள் மாயம்மாள் வந்து ஈரத்தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பூராம் சரி. ஆனா நீ எந்தக் கொம்புல ரத்தம் போட்டுருக்க?"

சோலைமுத்து சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்த்தார். காரி தலையைத் திருப்பிய விதத்தைக் கையால் காற்றில் ஒருமுறை வரைந்து பார்த்தார்.

"ஆமா ஆத்தா. குத்துனது மத்தக் கொம்புதான்."

"பெறகென்ன? தேய்."

அவர் மறுபடியும் கல்லைத் தேய்க்கத் தொடங்கினார். மாயம்மாள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொடுத்தார்.