பத்திலொரு பங்கு

ஒரே ஒரு நாள் பம்பு ஓடினால், பத்திலொன்று இருபதிலொன்றாகிவிடும் என்று நம்பியவன் நான். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கால் மூடிக் கிடக்கும் அந்தத் தண்ணீர்ப் பம்பைப் பார்க்கும்போதெல்லாம் என் புத்தியை நினைத்துச் சிரிப்பு வரும். பாதியில் நின்றுவிடும்.

விளைந்த நெல்லுக்குச் சகாத் உண்டு, ஏழைக்குக் கொடுத்தே ஆகவேண்டிய பங்கு. மழையில் விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. செலவழித்து நீர் இறைத்து விளைந்தால் இருபதில் ஒன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் இதைக் கேட்டபோது மற்றவர்கள் அல்லாஹ்வை நினைத்திருப்பார்கள். நான் பம்பை நினைத்தேன். வாவிக்கு மேற்கே எங்கள் வட்டையில் எனக்கு நாலு ஏக்கர் வயல். அந்தப் பெரும்போகத்தில் மழைக்குக் குறைவே இருக்கவில்லை.

வயலைப் பார்த்தவர் எங்கள் முல்லைக்காரக் காக்கா. விதைப்பிலிருந்து அறுவடைவரை எல்லாம் அவர் பொறுப்பு. சொந்தமாக ஒரு சாண் நிலமில்லை, வீட்டில் ஆறு வயிறு. என் சகாத் நெல் வருடா வருடம் அவர் வீட்டுக்குத்தான் போகும். நாலு ஏக்கர்க்காரனை அவர் பெரிய நிலக்காரரைப்போலப் "போடியார்" என்றழைப்பது முழுக்க நக்கல்.

இரவல் பம்பை வாய்க்காலடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். காரணத்தையும் மறைக்கவில்லை; என் கெட்டித்தனத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே.

"என்னகா போடியார், வானம் ஊத்துது. ஆருக்குத் தண்ணி காட்டப் போறீங்க? வயலுக்கா, நன்மை தீமை கணக்கெழுதுற மலக்குமாருக்கா?"

"ஒரு நாள் ஓடினாப் போதும் காக்கா. கூலி தாறன்."

"ஓம், ஓம்" என்று சிரித்தபடி பம்பைத் தோளில் ஏற்றி வரம்பில் இறங்கினார்.

மதியம் தொலைபேசி வந்தது. வாய்க்கால் ஓரப் புல்லில் காக்காவைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் மனைவியின் செருப்புமாக மோட்டார் சைக்கிளில் பறந்தேன். இது எனக்கான தண்டனை என்றே பட்டது. சந்தி தாண்டும்போது, "யா அல்லாஹ், முழுப் பத்திலொன்றும் தாறன்" என்றேன். பெற்றோல் செட்டடியில் பாதி விளைச்சல். ஆஸ்பத்திரி வாசலில் வயலையே எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர், "மருந்து ஏத்தியிருக்கு, பார்ப்பம்" என்றதும் வாங்கில் உட்கார்ந்தேன். மூச்சு வந்தது. வயல் பாதி விளைச்சலாயிற்று. பிளேன்டீ குடித்து முடிவதற்குள் மறுபடி பத்திலொன்றில் வந்து நின்றேன். மீன் சந்தையில்கூட நான் இவ்வளவு வேகமாக இறங்கியதில்லை.

மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்று காக்கா மௌத்தானார்.

பிறகுதான் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டேன். "மழை விளைவிச்ச நெல்லுக்கு ஒரு நாள் பம்பு பிடிச்சா என்ன மாறும்? ஒண்டும் மாறாது" என்றார்.

அறுவடை முடிந்து பத்திலொரு பங்கைக் காக்கா வீட்டு முற்றத்தில் இறக்கினேன். கணவன் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இத்தாவிலிருந்த அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"அண்டைக்குச் சிரிச்சிட்டுத்தான் போனாரு. 'போடியார் என்ட பங்கில பாதிய என்னைக் கொண்டே இறைக்கப் போறாரு' எண்டாரு."

இறக்கிய மூட்டைகளை இன்னொரு தடவை எண்ணினேன்.

பம்பை இரவல் தந்தவர், சாவு பட்ட சாமான் வேண்டாமென்றார். விலை கொடுத்து நானே வைத்துக்கொண்டேன். வாய்க்காலடியிலிருந்து அதைத் தூக்கி வந்தவனும் நான்தான். குழாய் சுற்றிக் கட்டியபடியே இருந்தது. தாங்கியில் நான் ஊற்றிய எண்ணெய் குறையவில்லை. அது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறைத்திருக்கவில்லை.