ரவிசந்திரன் தேர்ந்தெடுத்த ஹெட்செட்

விமானம் ஓட்டப் பழகுகிற பிள்ளைகள் கையில் எந்தச் சாமானும் உருப்படாது. ஹெட்செட்டை ஒயரைப் பிடித்துத் தூக்குவார்கள். மே மாத வெயிலில் விமானத்தின் முன்கண்ணாடிக்கு அடியில் காயப்போடுவார்கள். சீட்டில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தும் தொலைப்பார்கள். சோலாப்பூர் ரோட்டில், கரும்புக்காட்டுக்கு நடுவே இருந்த அந்தப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி அலுத்துப்போய், சீக்கிரம் உடையாத ஹெட்செட்டாகப் பார்த்து எல்லா விமானத்துக்கும் வாங்கிவிடலாம் என்றார். தேர்ந்தெடுக்கிற பொறுப்பு தலைமைப் பயிற்சியாளர் ரவிசந்திரனுக்கு வந்தது. புதுப்புது விமானக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பைலட் ஆக ஆசைப்பட்ட பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை.

மாதிரிக்கு இரண்டு வந்தன, கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று. ரேடியோ மெக்கானிக் ஆரோக்கியசாமி இரண்டையும் இறக்கை மேலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார்.

"கறுப்பு கல்லு மாதிரி இருக்கு சார். பச்சை வேணாம். மைக்கைத் தாங்குற தண்டு இப்பவே ஆடுது."

ரவிசந்திரன் இரண்டையும் மாறி மாறி மாட்டிக்கொண்டார். "கறுப்புல சத்தமே இல்லையேப்பா."

"நல்லாத்தானே கேக்குது சார்?"

"எனக்கே சொல்லித் தர்றியா? பச்சையிலதான் உரக்கக் கேக்குது. அதையே வாங்கு."

பச்சையே வந்து இறங்கியது.

கோளாறு கறுப்பில் இல்லை என்பது ரவிசந்திரனுக்குத் தெரியாதா என்ன? இளவயதில் பருத்திக்கும் கரும்புக்கும் மருந்து தெளிக்கிற விமானம் ஓட்டியவர். காதில் பஞ்சு அடைத்துக்கொள்வதைத் தவிர வேறு காப்பு கிடையாது. அந்த இரைச்சல் முதலில் இடது காதைத் தின்றது. இப்போது வலது காதையும் தின்றுகொண்டிருந்தது. நகரத்துக்குள் கோர்படி பேட்டையில் இருந்த வீட்டில் மனைவி மல்லிகா, "காதை எங்க கழட்டி வச்சிட்டு வந்தீங்க? அரே, குக்கர் அப்பலேர்ந்து கத்துது, அதுகூடவா கேக்கல?" என்று சிரித்தபடியே கேட்பாள். ஒருநாள் சிரிக்காமல், "டாக்டர்கிட்ட காட்டுவோம், வாங்க" என்றாள்.

"காட்டினா லைசென்ஸ் போயிடும் மல்லிகா. அப்புறம் நான் எதுக்கு?"

அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

பள்ளியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மனுஷன் அவ்வளவு கெட்டிக்காரர். மேலே ஏறியதும், "நீதானே பைலட், நீயே பேசு" என்று ரேடியோவை மாணவரிடம் விட்டுவிடுவார். கீழே ரேடியோ அறையிலிருந்து வருகிற உத்தரவை மாணவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. பக்கத்து சீட்டில் அசைகிற உதட்டைப் பார்த்து அவர் விஷயத்தைப் பிடித்துக்கொள்வார். ரவி சார் எவ்வளவு நம்பிக்கை வைத்துச் சொல்லித் தருகிறார் என்று பிள்ளைகள் உருகினார்கள். எல்லாரையும்விட அதிகமாக உருகியவள் நகரத்தின் மறுகோடியில் இருந்த ஔந்திலிருந்து வந்துகொண்டிருந்த கிருஷ்ணப்ரியா.

அவள் முதன்முதலாகத் தனியாகப் பறக்க வேண்டிய நாளும் வந்தது. சுற்றுவட்டாரத்தில் கரும்புத் தோகையைக் கொளுத்தியிருந்தார்கள். ஓடுபாதையின் கிழக்குக் கோடியில் புகை தாழ்வாகப் படிந்து கிடந்தது. காத்திருக்கலாம் என்றார் ஆரோக்கியசாமி. கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும் என்று சொல்லிவிட்டு, ரவிசந்திரன் ரேடியோ அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் ஏறினாள். ஒரு சுற்று சுற்றிவிட்டு, இறங்கத் திரும்பும்போது அவள் ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த நேரம் வந்தது. காதில் வெறும் இரைச்சல். பேசியிருப்பாள், நான்தான் விட்டுவிட்டேன் என்று நினைத்தார். இன்னொரு தரம் சொல் என்று கேட்கலாம்தான். அதே அலைவரிசையில் மற்ற பயிற்சியாளர்களும் இருந்தார்கள். அத்தனை தெளிவாகச் சொன்னது சாருக்குக் கேட்கவில்லையா என்று எண்ணுவார்களே!

"சரி, வா" என்று சொல்லிவிட்டார்.

உடனே ஓடுபாதை ஓரத்தில் இன்னொரு விமானத்தில் காத்திருந்த மாணவன் ஜெயந்த், உள்ளே வரலாமா என்று ரேடியோவில் கேட்டான். பக்கத்திலேயே நின்றதால் அவன் குரல் உரக்க விழுந்தது. ரவிசந்திரன் கிழக்கே பார்த்தார். புகைதான் தெரிந்தது. எங்கே இருக்கிறாய் என்று அவளைக் கேட்க வாய் வரவில்லை. தூரத்தில்தான் இருப்பாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, ஜன்னல் வழியே கையைக் காட்டி ஜெயந்தை வரச் சொன்னார்.

ஜெயந்தின் விமானம் ஓடுபாதையின் நடுவுக்கு வந்து திரும்பியது. அப்போது புகையைக் கிழித்துக்கொண்டு அவளுடைய விமானம் வெளியே வந்தது. ஐயோ, அவ்வளவு தாழ்வாக! ஆரோக்கியசாமி கத்தினார். அந்தப் பெண் பதறாமல் விமானத்தின் மூக்கைத் தூக்கினாள். சக்கரம் ஜெயந்தின் தலைக்கு மேலே உரசுகிற மாதிரி போயிற்று.

மறுபடி சுற்றி வந்து பத்திரமாக இறங்கினாள். எல்லாரும் ஓடினார்கள். ரவிசந்திரன் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தார். அவள் கையில் தண்டோடு ஒடிந்த மைக் இருந்தது.

"சார், டேக் ஆஃப் ஆனதும் இது கையோட வந்திடுச்சுங்க. எனக்கு எல்லாம் கேட்டுச்சு, பேசத்தான் முடியல. நான் ஒண்ணுமே சொல்லலைங்க சார். நீங்க எதுக்கு 'சரி, வா'ன்னு சொன்னீங்க?"

ஜெயந்த் அவரைப் பார்த்தான். ஆரோக்கியசாமி தரையைப் பார்த்தார்.

ரேடியோவில் ஏதோ கோளாறு என்று சொல்லலாம். அவர் சொன்னால் நம்புவார்கள். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அவள் கையில் இருந்த ஒடிந்த மைக்கைப் பார்த்தார்.

"எனக்குக் காது கேக்காதும்மா. ரொம்ப நாளாவே."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் மெல்ல வெளுத்தது.

"அப்போ இத்தனை நாளும் மேலே நான் தனியாத்தான் இருந்தனா சார்?"