வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கலா

போன வாரம் காலையில் லூனாஸ் பாசாரில் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கலாவின் கணவர் ரவியின் அழைப்பு வந்தது. "அக்கா, கலா போயிட்டாக்கா. நீங்களே நம்ம பதிவுல போட்டுருங்க. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ற நெலமையில நான் இல்ல," என்றார். கீரையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி, உடல் எடுக்கும் நேரம், மின்சுடலை என்று மரண அறிவிப்பை அடிக்க உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்கு எழுதிப் பழகிய கை, அவள் பெயரை அடிக்க மட்டும் மறுத்தது. ஆனாலும் ரவி வீட்டு வாசலில் கூடாரம் போட்டு முடிப்பதற்குள் அறிவிப்பு வெளிவந்துவிட்டது. உங்களில் பலர் அதைப் பார்த்துத்தான் வந்தீர்கள்.

கலாவை நேரில் அறியாதவர்களும் இந்த வலைப்பதிவை வாசிக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். நாமெல்லாம் வேலை பார்த்து வாழ்ந்த தோட்டம் கைமாறி, ஆட்கள் கூலிம், பண்டார் பாரு, பினாங்கு என்று பிரிந்துபோன பிறகு, யார் இறந்தார், எப்போது எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நாம் நம்பியிருப்பது இதைத்தான். அறிவிப்புகளை எழுதுபவள் நான். எழுதியது உங்களிடம் வந்து சேரும்படி பார்த்துக்கொண்டவள் கலா. கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை. வயதில் எனக்கு இளையவள், வாயில் எனக்கு மூத்தவள்.

ஆரம்பத்தில் பலரும் பயன்படுத்தும் ஓர் இலவச மென்பொருளில்தான் பதிவை நடத்தினோம். அதில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் எதையும் மாற்ற முடியாது. அந்த அதிகாரம் 'அட்மின்'களுக்கு மட்டுமே உண்டு. நம்மவர்களை நீங்கள் அறிவீர்கள். கோயிலில் மாலை மரியாதை ஒருவருக்குப் போட்டு இன்னொருவருக்குப் போடாவிட்டால் என்ன நடக்குமோ, அதுதான் இங்கும் நடந்தது. நம் சங்கத் தலைவர் பெருமாள் அண்ணனுக்குக் கொடுத்தோம், செயலாளர் முகம் சுருங்கியது. செயலாளருக்குக் கொடுத்தோம், பொருளாளர் கூட்டத்துக்கு வரவில்லை. கடைசியில் செயற்குழு முழுவதும் அட்மின். அதில் பாதிப் பேர் தோட்டத்தின் பெயரையே பாஸ்வர்டாக வைத்திருந்தார்கள். "அக்கா, இது வலைப்பதிவு இல்ல, பொன்னாடை போத்துற மேடை," என்றாள் கலா.

அவர்களில் ஒருவருக்கு இறந்தவர் படத்துக்குக் கீழே ஒரு குத்துவிளக்கு எரிந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியிருக்கிறது. பக்தியில் செய்ததுதான், குறை சொல்லமாட்டேன். எங்கோ இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன நிரலை எடுத்து நம் பதிவில் ஒட்டவைத்தார். விளக்கு அழகாகத்தான் எரிந்தது. அந்த நிரலில் இருந்த ஓட்டை வழியாக வேறு யாரோ உள்ளே வந்தார்கள். பண்டார் பாருவில் ஒருவர் இறந்த அன்று, அவருடைய படத்துக்குப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் மின்னியது. நேரமும் இடமும் இருக்கவேண்டிய பகுதியே காணவில்லை. கோலா கெடாவில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தங்கை, பழைய பழக்கத்தில் மாலையில்தான் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "மொகத்த ஒரு தடவ பாக்கக் குடுத்து வைக்கலயேம்மா," என்று அவர் அழுதார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் காரில் கலா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் நின்றுகொண்டே பேசினாள். அப்போது அவளுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்தது. பெருமாள் அண்ணன், "பழசையே சரி பண்ணி ஓட்டலாம் லா, நீதான் இருக்கியே," என்றார். சரிசெய்யலாம், ஆனால் புதிய ஓட்டைகள் தெரியவரும்போதெல்லாம் ஒருவர் உடனே உட்கார்ந்து மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானே மெஷின்ல கெடக்கறேண்ணே. இன்னொரு மெஷினுக்கு ஊழியம் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நான் படுத்துட்டாலும் ஓடற மாதிரி ஒண்ணு வேணும்."

அவள் தேர்ந்தெடுத்த மென்பொருள் பார்க்க மகா வறட்சியானது. அறிவிப்பை வெறும் எழுத்தாக அடித்துக் கொடுத்தால், அது நம் வீட்டுக் கணினியிலேயே முழுப் பக்கமாக மாறிவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் இணையத்தில் ஏற்றுவோம். அங்கே தரவுத்தளமும் கிடையாது, உள்நுழையும் பக்கமும் கிடையாது. "பழசு, ஆள் வர வர அங்கயே அடுப்பு பத்தவச்சு ஆக்கிப்போடற கடை. இது வீட்ல ஆக்கி, கட்டி எடுத்துட்டுப்போயி வைக்கறது. கடையில அடுப்பே இல்லன்னா எவன் வந்து எதைக் கலக்கப்போறான்?" என்றாள். ஏற்றும் கணக்குக்கு மட்டும் பாஸ்வர்டு உண்டு. அது அவளிடமும் என்னிடமும், கைப்பேசியில் வரும் இரண்டாவது சரிபார்ப்போடு.

கூட்டம் சும்மா விடவில்லை. விளக்கு? வேண்டாம். பாட்டு? வேண்டாம். "அப்ப என்னோட அட்மின்?" என்று கேட்ட செயலாளருக்கும் வேண்டாம்தான். பக்கத்துக்கு அடியில் இரங்கல் எழுதும் இடமாவது இருக்கட்டும் என்று நான் கேட்டேன். வெளியாள் எழுதுவதற்கு ஓர் இடம் திறந்துவிட்டால் அதற்குக் காவலுக்கும் ஆள் போடவேண்டும் என்று சொல்லி எனக்கும் மறுத்துவிட்டாள். ஒவ்வொரு மறுப்பையும் சிரித்த முகத்தோடு சொன்னாள். செயலாளர் சில மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு அவருடைய மாமனார் இறந்தபோது அறிவிப்பைப் போட அவளைத்தான் கூப்பிட்டார்.

எனக்குக் கணினி என்றால் தட்டச்சு இயந்திரத்தின் பணக்காரத் தங்கை, அவ்வளவுதான். இருந்தாலும் ஏற்றும் வேலையை என்னையும் பழக்கினாள். ஒரு நாள் ஓர் அறிவிப்பு வந்தது. அவளை அழைத்தால் எடுக்கவில்லை. ரவியும் எடுக்கவில்லை. திட்டிக்கொண்டே, அவள் சொல்லித்தந்த வரிசையில் நானே செய்தேன், பக்கம் வந்தது. சாயங்காலம் கூப்பிட்டு, "எடுக்க வேணாம்ன்னு அவருகிட்டயும் நான்தான் சொன்னேன். மெஷின்ல படுத்துக்கிட்டே நீங்க போட்டதப் பாத்தேன்க்கா. ஊர் பேரத் தப்பா அடிச்சிருக்கீங்க, திருத்துங்க," என்றாள். கொழுப்பைப் பாருங்கள். அன்று எனக்கு வந்த கோபம், தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவள் கணக்குப் போட்டுவைத்திருந்தாள் என்பது புரிந்ததால் வந்த கோபம்.

தகனம் முடிந்த மறுநாள் பெருமாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கலாவின் பக்கத்தில் மட்டுமாவது எல்லாரும் நாலு வரி எழுத ஓர் இடம் திறக்கலாம், அவளுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அதே ஆசைதான். நீங்கள் எல்லாரும் அவளைப் பற்றி எழுதுவதை உட்கார்ந்து படிக்கவேண்டும், படித்துப் படித்து அழவேண்டும் என்றிருந்தது. இப்போது அந்தப் பாஸ்வர்டு என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. தடுக்க யாருமில்லை.

"வேண்டாம்ண்ணே," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவளும் இப்பிடித்தான் சொல்லியிருப்பா," என்று எழுந்து போனார்.

கலா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். மிகவும் பிடித்தவர்களிடமும் அதைச் சொல்லலாம், சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று காட்டினாள். எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு வரவில்லை. பழகிக்கொள்வேன். அடுத்த அறிவிப்பு யாருடையதாக இருந்தாலும் அது நேரத்துக்கு உங்களிடம் வரும், அதற்கு நான் பொறுப்பு.

இந்தப் பக்கத்துக்குக் கீழே எழுத இடமில்லை. அவளைப் பற்றிச் சொல்ல இருப்பதை ரவியிடம் போய்ச் சொல்லுங்கள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் வீட்டில்தான் இருக்கிறார்.