ஏழாம் எண் குழாய்

என் அக்கா இருபத்தாறு வருடமாக ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறவள். சிறுநீரகம் கெட ஆரம்பித்தால் கூடவே ரத்தமும் ஏன் குறைகிறது, அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் அது. வீட்டுக்கு யார் வந்தாலும் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "கொஞ்சம் வெளுத்திருக்கே" என்பாள். அவளுக்குப் பயந்தே எங்கள் பெரியப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள்தான் அவளுடைய ஆராய்ச்சிக்கூடம். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தமும் வேண்டும் அல்லவா? அதற்கென்று பன்னிரண்டு பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கை நீட்டுவார்கள். அதில் ஏழாம் எண், அக்காவின் கணவர். மாமாவுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. "இவ ஆராய்ச்சியே என் ரத்தத்துலதான் ஓடுது" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

ரத்தம் எடுப்பவரை எல்லோரும் ஊசி அண்ணன் என்போம். குத்தியதே தெரியாது. அக்காவிடம் இருபது வருட வேலை. அவர் ரத்தம் பிடித்த குழாயில் ஒட்டிய எண்ணை அக்கா மறுபடி சரிபார்த்ததே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

மூன்று வருடமாக மாமா சோர்ந்துகொண்டே வந்தார். மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். முகமும் வெளுத்தது. எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாதா? இமையை இழுக்கப் போனால், "ஆஸ்பத்திரிய ஆஸ்பத்திரியோட வச்சுக்கோ" என்று கையைத் தட்டிவிடுவார். அடுத்த பரிசோதனையில் ஏழாம் எண்ணின் அளவுகள் குறையொன்றும் இல்லாமல் வரும். முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டவள், குழாயைப் பார்த்து மனம் ஆறினாள். "வயசாகுதுடி, வேற ஒண்ணுமில்ல" என்று என்னிடமும் சொன்னாள். படித்தவள் சொல்கிறாளே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு புது மெஷின் வந்தது. அதைச் சரிபார்க்க ஃப்ரீசரில் இருந்த பழைய குழாய்களை எடுத்து ஓட்டியிருக்கிறாள். ஏழாம் எண்ணின் ரத்த வகை ஓ என்று வந்தது. மாமாவுக்கு பி. மெஷின்தான் தப்பு என்று நினைத்து அதற்கு முந்தைய குழாயை வைத்தாள், அதற்கும் முந்தையதை வைத்தாள். பதினோரு குழாய்கள் ஓ. மூன்று வருடத்துக்கு முந்தைய பன்னிரண்டாவதுதான் பி.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஓ வகை ஊசி அண்ணன் ஒருவர்தான். கூப்பிட்டுக் கேட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சாருக்கு ஆபீஸ்ல செக்கப் பண்ணப்போ யூரின்ல புரதம் போகுதுன்னு சொல்லிட்டாங்களாம் மேடம். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சார் சத்தியம் வாங்கிட்டாரு. நான் என் கையில குத்தி என் ரத்தத்தையே எடுத்து வச்சேன்."

சத்தியமாம். இருபது வருடச் சம்பளத்தைவிட ஒரு சத்தியம் பெரிதாகிவிட்டது அந்த மனுஷனுக்கு. எனக்கு இன்றைக்கும் அவர் பெயரைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றே மாமாவை இழுத்துவந்து, அக்கா தன் கையாலேயே ரத்தம் எடுத்தாள். நாலு தடவை குத்த வேண்டியிருந்தது. முடிவு வர ஒரு மணி நேரம். இரண்டு சிறுநீரகமும் பத்தில் ஒரு பங்குகூட வேலை செய்யவில்லை. இனி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் கதவோரம் நின்றேன். மூன்று வருடம் தன்னைச் சுற்றி நின்று ஏமாற்றிவிட்டார்கள் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

"யார் யார் வீட்டு ஆம்பளையோ எங்கிட்ட வந்து காப்பாத்துன்னு நிக்கிறாங்க. என்கூட ஒரே தட்டுல சாப்பிட்ட உங்களுக்கு என்னை நம்பத் தோணலையா?"

"நீ வந்து சொல்ற கதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கே பயமாப் போச்சு" என்றார் மாமா. "உங்கிட்ட சொன்னா நீ அழுவியேன்னு இருந்துச்சு."

"அழுதிருப்பேன்" என்றாள் அக்கா. "அழுதுகிட்டே மாத்திரை குடுத்திருப்பேன். அப்போ மாத்திரையே போதுமா இருந்துச்சு."