மலக்கி டூயி பார்க்காத ஆட்டங்கள்

பந்து மைதானத்தில் விழுந்ததும் மலக்கி டூயி தொப்பியை மாட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக்குப் புறப்பட்டுவிடுவார். அயர்லாந்தின் கிளேர் கவுண்டி அணி, மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் ஆடுகிற ஞாயிறுகளில் அவர் இருக்க வேண்டிய இடம் பசுக்களின் நடுவே. ஊர் அப்படித் தீர்மானித்துவிட்டது.

மே மாதம் முதல் ஆட்டத்தில் கிளேர் ஆறு புள்ளி பின்தங்கிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பசு கன்று போட, மலக்கி டிவியை விட்டு எழுந்து ஓடினார். கை கழுவிக்கொண்டு திரும்பினால் கிளேர் ஜெயித்திருந்தது. அடுத்த ஆட்டத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்; தோற்றது. அவர் பார்த்தால் தோல்விதான் என்பதற்கு ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

"யோவ், இன்னும் உள்ளயா இருக்கே? வெளிய போய்யா!" என்று பக்கத்துப் பண்ணைக் காஹல் போன் போட்டுக் கத்துவார். பாதிரியாரோ பூசை முடிவில், "மத்தியானம் ஆட்டம் இருக்கு. மலக்கி மாடு பாக்கப் போவார்னு நம்புறோம்" என்று அறிவிப்பார்.

மழையில் நின்று மலக்கி தனியாக ஓர் ஆட்டம் ஆடுவார். வேலிக்கம்பால் முட்செடித் தலைகளை அடிப்பார். பசுவைத் தாண்டிப் பறந்தால் ஒரு புள்ளி. பசு மேலே பட்டால் மன்னிப்புக் கேட்பார். இரவு டிவியில் அதே ஆட்டத்தை மறுபடி காட்டினாலும் பார்க்க மாட்டார். "முடிவு மாறிப்போச்சுன்னா?"

இப்படியே கிளேர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே கால்வே. மலக்கியின் மனைவி அட்ராக்டா பிறந்த கவுண்டி.

நாடே டிக்கெட்டுக்கு அலைந்தபோது அட்ராக்டா அண்ணனிடமிருந்து இரண்டு வாங்கிவந்தாள். குரலில் தேன் ஒழுகியது. "வா என் ராசா. சீசன் பூரா மாட்டோட மாடா நின்னே. பைனலையாவது என் பக்கத்துல உக்காந்து பாரு."

சதி என்று மலக்கிக்குத் தெரியும். ஆனால் கிளேர் கோப்பை தூக்குவதை நேரில் பார்க்க ஆயுள் முழுக்க ஏங்கியவர். போய்விட்டார்.

பாதி ஆட்டத்தில் கிளேர் நாலு புள்ளி பின்னால். மேல் வரிசையிலிருந்து காஹலின் குரல் வந்தது: "பாவி! கண்ணை மூடுடா!"

மலக்கி கண்ணை மூடவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, மனைவியின் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். முப்பது வருடம் படித்த முகம். கன்னத்தில் குழி விழுந்தால் கால்வேக்குப் புள்ளி. மூக்கு விடைத்தால் கிளேருக்கு.

மூக்கு அடிக்கடி விடைத்தது. அட்ராக்டா கண்டுபிடித்துவிட்டாள். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"என் மூஞ்சியில என்னடா இருக்கு? அங்க பாரு, உன் ஆளு கோல் அடிக்க ஓடுறான். திரும்பு!"

"உன் மூக்கு போதும் எனக்கு."

"சாகறதுக்குள்ள இன்னொரு தடவை வருமா இது? ஒரே ஒரு தடவை பாரேன்!"

முதுகுக்குப் பின்னால் எண்பதாயிரம் பேர் எழுந்து அலறினார்கள். மலக்கியின் கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

கடைசி விசில் ஒலித்தது. அட்ராக்டாவின் கீழுதடு நடுங்கியது.

இனித் திரும்பலாம். காஹல் கூட, "திரும்புடா, நம்மாளுங்க கோப்பையைத் தூக்கப் போறாங்க!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மலக்கி திரும்பாமல், தன் கழுத்திலிருந்த கிளேரின் மஞ்சள் நீலத் துண்டை அவிழ்த்து, அட்ராக்டாவின் கண்ணைத் துடைத்துவிட்டார்.