மச்சாளுக்காக வைத்த நேத்தி

இந்த ஊருக்கு வாழ வந்த மூன்றாம் நாளே ஒரு பெண்பிள்ளையை நான் அழ வச்சேன். அடுப்பு மூட்டினதுதான் நான் செய்த குற்றம். அதிலிருந்து இந்த ஊர்க் கோயில் அம்மாள் என்னை எப்படித் தூக்கிவிட்டாள் என்று, அவளையே நம்பியிருக்கிற உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது.

எனக்குச் சொந்த ஊர் இந்தியாவில், சிவகங்கைப் பக்கம். வெளிநாட்டில் ஒரு தையல் கடையில் நான் வேலை பார்த்தபோது, அங்கே வேன் ஓட்டினவர்தான் என் வீட்டுக்காரர். எங்கள் ஊர்க் கோயிலில் தாலி கட்டி, ஆவணி மாசம் அவருடைய ஊருக்குக் கூட்டி வந்தார். கடலுக்கு இந்தப் பக்கம், களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, வாவிக்கரையில் இருக்கிற ஊர்.

எங்கள் பக்கம் புது மருமகள் விடியக்காலை எழுந்து அடுப்படிக்குள் போகாவிட்டால் பேச்சு வாங்கணும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை அனுப்பினாள். நானும் குளிச்சு, குசினியைக் கழுவி, மாமியின் பானை சட்டியை எல்லாம் இடம் மாத்தி, அம்மா தந்த எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி, அடுப்பு மூட்டினேன். நல்ல பேர் வாங்கப் போறேன் என்ற மிதப்பு வேற!

அவருடைய தங்கச்சி சுதா வந்து பார்த்தாள். கிணத்தடிக்குப் போய் நின்று அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கல. அன்றைக்கென்று பார்த்து, அவளுக்குப் பேசி வச்சிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவும் சித்தியும் வேற வந்தார்கள். நான் முந்திக்கொண்டு தேத்தண்ணி கொண்டுபோய் நீட்டி, நான்தான் இந்த வீட்டு மருமகள், இனி இங்கேதான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர்கள் பாதித் தேத்தண்ணியோட எழும்பிப் போனார்கள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சும் வரல.

மாமி என்னை ஏசவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கல. பக்கத்தில் இருத்தி வச்சு மெதுவாகச் சொன்னார்.

"எங்கட ஊரில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான், மகள். ஆம்புளப் புள்ள கட்டினவள்ற வீட்டுக்குப் போவான். இது சுதாக்கெண்டு கட்டின வீடு. நீ பிடிச்சிட்டாய் எண்டு அவங்க நினைச்சிட்டாங்க."

எங்கள் ஊரில் மாமியார் வீட்டோடு போய் இருக்கிற மாப்பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். இங்கே வீடு இல்லாமல் வந்து நிற்கிற பெண் நான்தான். ஏன் எனக்கு முன்னமே சொல்லல என்று அவரிடம் சண்டை பிடிச்சேன். எல்லா ஊரிலும் இப்படித்தான், இங்கே கொஞ்ச நாள்தான் இருப்போம் என்று எனக்கே தெரியும் என்று நினைச்சாராம். இந்த மனுஷனை என்ன செய்ய!

அடுத்த ஒழுங்கையில், எங்கள் ஊரில் சந்து என்போமே, அதில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துப் போனோம். கையில் தொழில் இருக்கு, பிழைச்சுக்கலாம் என்று தையல் மெஷினை வாசலில் போட்டேன். ஒருத்தரும் துணி கொண்டு வரல. மச்சாள்ற வீட்டைப் பிடிக்க வந்த இந்தியாக்காரி என்று என் பேர் ஊரெல்லாம் போயிருந்தது. அவர் தோணியில் மீனுக்குப் போனார். மார்கழி மழையில் அதுவும் நின்றது. ஒரு நாள் அவர் என் முகத்தைப் பார்க்காமலே, நீ அம்மாவிட்ட போ, நான் திரும்ப வெளிநாடு போறன் என்றார். கல்யாணம் முடிச்சு நாலு மாசம்தான். அவரை விட்டுப் போனால் திரும்ப இந்தக் கரைக்கு வருவேனா என்று பயந்தேன்.

வந்த நாள் முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாள் கோயிலுக்குப் போவேன். ஒவ்வொரு வெள்ளியும் ஒரே வேண்டுதல்தான், எனக்கு ஒரு வீடு தா, தொழில் தா. அவர் அப்படிச் சொன்ன பிறகு வந்த வெள்ளி நடையில் நின்று வாய் திறந்தேன், என்னுடையது எதுவுமே வரல. கிணத்தடியில் அழுத சுதாவின் முகம்தான் வந்தது. அம்மாளே, எனக்கு வீடு வேண்டாம். என்னால் நின்ற கல்யாணத்தை நடத்திவிடு. உனக்கு என் கையால் பட்டுப் பாவாடை தைச்சுச் சாத்துறேன் என்று நேத்தி வச்சேன். நின்ற இடத்திலேயே அழுதேன். மனசு லேசாச்சு.

தை மாசம் முதல் வெள்ளி. பூசை முடிஞ்சு திருநீறு வாங்கும்போது, பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் சட்டையின் கழுத்துத் தையலைத் தொட்டுப் பார்த்து, ஆர் தைச்சது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் இந்தியப் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மாறினது. அவர்தான் சுதாவுக்குப் பேசின மாப்பிள்ளையின் தாய் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

ஓடிப்போகத்தான் கால் எழும்பியது. ஆனால் அம்மாளே கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள், இப்போது வாயை மூடினால் நான் மனுஷியா? எங்கள் ஊர் வழக்கத்தை, குசினிக் கதையை, எல்லாத்தையும் கொட்டினேன். வீடு சுதாவுடையதுதான், நாங்கள் வாடகை அறையில் இருக்கிறோம், வந்து பாருங்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சார்.

"ஓ... அப்ப நீ மாப்பிள்ள மாதிரி வீட்டுக்கு வந்த பொம்புளயாக்கும்!"

நானும் அழுதுகொண்டே சிரிச்சேன். அடுத்த கிழமை அவர்கள் மாமி வீட்டுக்குப் போனார்கள். வைகாசியில் நாள் வச்சார்கள்.

கல்யாணக் கூறைச் சேலைக்குச் சட்டை தைக்கத் துணியைக் கொண்டு சுதாவே என் அறைக்கு வந்தாள். நான் அளவை இரண்டு தரம் எடுத்தேன். கல்யாணத்தில் அந்தச் சட்டையைப் பார்த்த பெண்கள் மறு கிழமையிலிருந்து துணியோடு வரத் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் வெளிநாட்டுப் பேச்சை விட்டார். மீன் இல்லாத நாளில் எனக்குப் பொத்தான் கட்டித் தருவார்.

சுதா அதோட விடல. ரோட்டுப் பக்கம் இருக்கிற தன் வீட்டு வளவில், அந்தக் காலி நிலத் துண்டில் கடை போட்டு, பின்னால் இரண்டு அறை கட்டி இருங்கள் என்றாள். தங்கச்சி சொத்தில் நான் எப்படிக் கை வைப்பேன் என்று இவர் மறுத்தார். எனக்கும் பழைய பயம். அவள் என் கையைப் பிடிச்சாள்.

"இது என்ட வளவு மச்சாள். ஆருக்குக் குடுக்கிற எண்டு நான்தான் சொல்லுவன்."

அந்தக் கடையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அம்மாளுக்குப் பாவாடை சாத்தியாச்சு. எங்களுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். அவள் பிறந்த அன்றே, இனி இவளுக்கு ஒரு வீடு கட்ட வேணும் என்று நானே சொன்னேன். மாமி சிரிச்ச சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கணும்.

தனக்கென்று கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனவர்கள் உங்களில் இருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், உங்களால் அழுத ஒருத்தருக்காகக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அம்மாளுக்குத் தெரியும்.