வெயிலில் காய்ந்த கற்பூர விதைகள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்கும் மல்லிகைப் பூவுக்கும் நடுவில் ஹிரோஷிமா சில மாதம் குடியிருந்தது. அணுகுண்டு விழுந்து ஊரே சாம்பலான இடத்தில், கருகிய அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்த்த மரங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றின் விதைகளைப் பொறுக்கி, பத்திரமாக வளர்ப்போம் என்று சொல்பவர்களுக்கு உலகமெங்கும் அனுப்புகிறார்கள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தும் எனக்கும் ஆசை வந்தது. கேட்டு எழுதினேன். அனுமதி, சான்றிதழ், அலைச்சல் எல்லாம் முடிந்து தை மாதத்தில் ஒரு சின்னப் பொட்டலம் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு கைப்பிடி கற்பூர மர விதை. பார்ப்பதற்கு அசல் மிளகு.

அந்த விதைக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் போனால் உயிர் போச்சு. ஈரத் தேங்காய் நார்த்தூளில் புதைத்து, கொஞ்ச நாள் குளிரில் வைத்துவிட்டு விதைப்பது என் திட்டம். டப்பா மூடியில் ‘தொடாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். “ரசம் வைக்கிறப்ப ஞாபகம் இல்லாம போட்டுடப் போறேன்” என்று மனைவி மிரட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் இருப்பது கடலூரில், குண்டு சாலைப் பக்கம். பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் என் எல்லை என்று வெள்ளைக்காரன் நிலத்தை வளைத்துப் போட்டதாகச் சொல்வார்கள். அவன் போய்விட்டான், குண்டு மட்டும் எங்கள் முகவரியில் தங்கிவிட்டது. குண்டு சாலையில் உட்கார்ந்துகொண்டு சமாதான மரம் வளர்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரைக்கும் சொல்லித் தீர்த்தேன். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் “இதுலேர்ந்து சூடம் எடுக்கலாமா சார்?” என்றுதான் கேட்டார்கள்.

வேறு மாதிரி கேட்டவர் ஒருவர்தான். எங்கள் துறை ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் பெண்மணி. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஷெல் அடிக்குப் பயந்து, இலங்கையிலிருந்து படகில் அம்மாவோடு வந்து இறங்கியவர். படித்தது, கல்யாணம் கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் இந்த மாவட்டத்து அகதி முகாமில்தான். பேச்சு முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டது. நான் விதையின் கதையைச் சொன்னதும் கையிலிருந்த கண்ணாடிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கும் ஒரு கண்டு தருவீங்களா சார்?” என்றார். கன்றைக் கண்டு என்று சொல்கிற அந்த ஒரு இடத்தில் பழைய ஊர் எட்டிப் பார்த்தது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம், அவர் மகள் நல்ல மதிப்பெண் வாங்கியதற்காக ஒருமுறை முகாம் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு போட்டார். வாசல் முழுக்கச் செடி. கறிவேப்பிலை, ரோஜா, எலுமிச்சை, முருங்கைகூட. ஆனால் ஒன்றுகூடத் தரையில் இல்லை. எல்லாம் பெயின்ட் டப்பாவிலும் எண்ணெய் டின்னிலும் நின்றன. அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பின்னால் இவ்வளவு இடம் கிடக்கிறதே என்று கேட்டதற்கு, “ஊருக்குப் போற ஆளுக்குத் தரை எதுக்கு சார்? டப்பான்னா தூக்கிட்டுப் போயிடலாம்னு எங்கம்மா சொல்லும்” என்று சிரித்தார். அம்மா காலமாகி வெகு நாளாகிறது. துருப்பிடித்த டப்பாவை மாற்றி மாற்றி இவர் அதே வழக்கத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் வாய்விட்டு ஒரு மரம் கேட்கிறார். “முளைக்கிற முதல் கன்னு உங்களுக்குத்தான்” என்று நான் வள்ளல் மாதிரி வாக்குக் கொடுத்தேன். கைப்பிடி விதை இருந்த தெம்பு.

பங்குனியில் என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம். தங்கமான பையன் என்று இன்றைக்குச் சொல்வேன், அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன். புதுப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவன், நான் கல்லூரியிலும் அவன் அக்கா மார்க்கெட்டிலும் இருந்த நேரம் பார்த்து, தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறான். டப்பாவைப் பார்த்திருக்கிறான். முந்திரிக்காரனுக்கு ஈரக்கொட்டையைக் கண்டால் ஆகாது. ஈரத்தோடு மூட்டை பிடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், சரக்கு போச்சு. அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். கொட்டை என்றால் வெயிலில் கொட்டி, கிளறிவிட்டு, குலுக்கினால் சத்தம் வருகிற வரை காய வைக்க வேண்டும்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் ஓடிவந்து டப்பாவை என் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினான்.

“கேளுங்க மாமா! கலகலன்னு இருக்குது பாருங்க. நசநசன்னு ஈரத்துல கெடந்துச்சி. காலையிலேர்ந்து மாடியில என் வேட்டிய விரிச்சிக் காயப்போட்டு எடுத்தேன்.”

நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

“தொடாதேன்னு எழுதியிருந்துச்சேடா!”

“அது அக்காவுக்கு எழுதுனதுன்னு நெனச்சேன் மாமா.”

“அணுகுண்டு போட்டு சாகாத மரம்டா அது! அத ஒரே பகல்ல முடிச்சிட்டியே!”

மனைவி சமையலறையிலிருந்து, “வெத போனா போவுது, எந்தம்பி சாப்ட்டானான்னு கேட்டீங்களா?” என்றாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். நிஜமாகவே அழுகை வந்தது. விதைக்காக மட்டும் இல்லை. அந்தப் பெண்மணியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் சொன்னேன். முந்திரிக் கதையைக் கேட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “பரவால்ல சார். கண்டுக்குன்னு ஒரு டப்பாவ எடுத்து வச்சிருந்தேன், அது மிச்சம்” என்று சொல்லிவிட்டுக் குடுவைகளைக் கழுவப் போனார். அதன்பிறகு விதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

இருந்தாலும் காய்ந்ததைத் தண்ணீரில் ஊறவைத்து, மாடியில் நாற்றுத் தட்டுகளில் விதைத்தேன். மச்சான் ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தான். வரும்போதெல்லாம் ஆட்டெரு, செம்மண், பலாச்சுளை என்று ஏதாவது கையில் இருக்கும். என்னோடு பேசாமல் நேராக மாடிக்குப் போய், தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து மண்ணையே பார்ப்பான். ஒரு ஞாயிறு, “மாமா, வந்துடுச்சி!” என்று அலறினான். நான் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஓடினேன். அவன் கொண்டுவந்த எருவிலிருந்து ஒரு தக்காளி முளைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவனோடு மறுபடி பேசினேன். அந்தத் தக்காளியை அவன் பிடுங்கி எறிய விடவில்லை. மண்ணோடு பெயர்த்து ஊருக்கு எடுத்துப் போனான்.

ஆடி பிறந்து, நானே தட்டுகளைக் கவிழ்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் செம்பு நிறத்தில் ஒரு முளை தலையை நீட்டியது. ஒன்றே ஒன்று. தக்காளியில் பட்ட சூடு போதும், இது என்னவென்று உறுதி செய்ய வேண்டும். இலையைக் கிள்ளிக் கசக்கினால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். நான் கையை நீட்டினேன். மச்சான் குறுக்கே கையை வைத்தான்.

“அதுகிட்ட இருக்கறதே நாலு எல. அதுல ஒண்ணு ஒங்களுக்கு வேணுமா மாமா?”

தானாக ஒரு இலை பழுத்து விழும்வரை காத்திருந்தோம். விழுந்ததும் மூன்று பேரும் மாடியில் கூடினோம். கசக்கி முகர்ந்தேன். சூடம்! மனைவி வாங்கி முகர்ந்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மச்சான் முகர்ந்த இலையைத் திருப்பித் தரவேயில்லை.

அதற்குள் கல்லூரியில் சேதி பரவிவிட்டது. எல்லாம் என் வாயால்தான். மழைக்காலத்தில் நடுவிழா, ஷாமியானா, ‘உலக சமாதான மரம்’ என்று ஃப்ளெக்ஸ்கூட அடித்துவிட்டார்கள். “ஒரே கன்னுதான்னா காலேஜுக்குத்தான சார்?” என்றார் துறைத்தலைவர். எனக்கும் சபலம் தட்டியது. கல்லூரியில் வேலி இருக்கிறது, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது, பெயர்ப்பலகை வைப்பார்கள், அதில் என் பெயரும் இருக்கும். ஆனால் கைப்பிடி விதை இருந்தபோது கொடுத்த வாக்கு, ஒரு கன்று மட்டும் மிஞ்சியதால் இல்லையென்று ஆகிவிடுமா? “அது ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லியாச்சு சார்” என்றேன். முகம் சுளித்தார். விழா நடந்தது. வேப்பங்கன்று வைத்தார்கள். ஃப்ளெக்ஸை மாற்றவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், நானும் மச்சானும் அவன் மினி வேனில் முகாமுக்குப் புறப்பட்டோம். கன்று ஒரு சாண் உயரம் வந்திருந்தது. போகிற வழியில் நர்சரியில் வண்டியை நிறுத்தி, இருக்கிறதிலேயே பெரிய, இரண்டு பக்கமும் பிடி வைத்த தொட்டியாகப் பார்த்து வாங்கினேன். மரம் பெரிதானாலும் அவர் தூக்கிக்கொண்டு போக வசதியாக இருக்க வேண்டும் அல்லவா. “வெயிட்டு ஜாஸ்தி மாமா” என்று மச்சான் முனகிக்கொண்டே ஏற்றினான்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். கன்றை இரண்டு கையாலும் வாங்கி, இலையில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தார். பிறகு மச்சான் மூச்சு வாங்க இறக்கிய தொட்டியைப் பார்த்தார்.

“இது எதுக்கு சார்?”

“நாளைக்கு நீங்க ஊருக்குப் போறதுன்னா…”

அவர் எங்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டியிருந்தது. பக்கத்துச் சுவரில் கடப்பாரை சாய்ந்திருந்தது.

“முளைச்சிருக்குன்னு நீங்க சொன்ன அன்னைக்கே வெட்டிட்டேன்” என்றார். “எடம் எங்க பேர்ல இல்ல. ஆனா மரத்துக்கிட்ட யாரு சார் பட்டா கேக்கப்போறாங்க?” குழிக்குள் கன்றை இறக்கிவிட்டு, குனிந்தபடியே சொன்னார்: “நான் இனி எங்க சார் போகப்போறன்?”

மச்சான் குழியோரம் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தான். “நல்ல ஈரம்” என்றான். அவன் வாயால் அந்த வார்த்தையை அப்படிப் பிரியமாக நான் கேட்டதில்லை.

நான்கு பேரும், அதாவது அவர் மகளையும் சேர்த்து, காலால் மண்ணை மிதித்துவிட்டோம். சேமியா பாயசம் கொடுத்தார். திரும்பும்போது மச்சான் வழியெல்லாம் முந்திரி விலை பேசிக்கொண்டே ஓட்டினான். நான் அந்தக் காலித் தொட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு கடலூர் வரைக்கும் வந்தேன்.